பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் கேமரா: முதலில் பேட்டரிக் கணக்கு

பவர் பேங்கின் மேல் 20,000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருக்கிறது. கேமரா பேட்டரியில் 2,280 எம்ஏஎச் என்று இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் எட்டு முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம் போலத் தோன்றும். காட்டுக்குள் போய்ச் செருகிப் பார்த்தால் மூன்றாவது பேட்டரியோடு பவர் பேங்க் காலியாகிவிடும். பவர் பேங்கில் கோளாறு எதுவும் இல்லை. கணக்குப் போட்ட அலகுதான் தவறு.

மலையேற்றம், படகுப் பயணம், பாலைவனம், அடர்காடு என்று எங்கே போனாலும், பல நாட்கள் மின்சாரம் இல்லாத இடத்தில் படம் எடுப்பவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறில்தான் தொடங்குகின்றன. எந்த சோலார் பேனல் வாங்கலாம் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான். ஒரு நாளைக்கு உங்கள் கேமரா எவ்வளவு சாப்பிடுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வரும்.

எம்ஏஎச் போதாது, வாட்-மணி வேண்டும்

எம்ஏஎச் என்ற எண் எவ்வளவு மின்னோட்டத்தை எவ்வளவு நேரம் தரலாம் என்பதை மட்டும் சொல்கிறது. எந்த வோல்ட்டில் தருகிறது என்பதைச் சொல்வதில்லை. மேல்நிலைத் தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று மட்டும் சொல்லி, தொட்டி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது போன்றது இது. பவர் பேங்குக்குள் இருக்கும் லித்தியம் செல்களின் வோல்ட் 3.6 அல்லது 3.7. பெரும்பாலான மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத), டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள) கேமரா பேட்டரிகளுக்குள் அதே மாதிரி இரண்டு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் அவற்றின் வோல்ட் 7.2. முழுவதும் ஏறியபோது 8.4.

சரியான அலகு வாட்-மணி. எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். பவர் பேங்க்: 20,000 × 3.7 ÷ 1,000 = 74 வாட்-மணி. சோனியின் என்பி-எஃப்இசட்100 பேட்டரி: 2,280 × 7.2 ÷ 1,000 = 16.4 வாட்-மணி. இப்போது வகுத்தால் எட்டு அல்ல, நாலரைதான். பல பேட்டரிகளின் அடியில் இந்த எண்ணைச் சிறிய எழுத்தில் அச்சிட்டே இருப்பார்கள்.

நாலரை எப்படி மூன்றானது? பவர் பேங்க் தன் 3.7 வோல்ட்டை 5 அல்லது 9 வோல்ட்டாக ஏற்றி வெளியே அனுப்புகிறது. கேமராவோ சார்ஜரோ அதை மறுபடி மாற்றி 8.4 வோல்ட்டுக்குக் கொண்டுபோகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். சார்ஜ் ஆகும்போது இரண்டையும் தொட்டுப் பாருங்கள். கையில் உறைக்கும் அந்தச் சூடு முழுவதும் பேட்டரிக்குள் போகாமல் போன மின்சாரம்தான். லேபிளில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் கேமரா பேட்டரிக்குள் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 74 வாட்-மணியில் ஏறத்தாழ 50. அதை 16.4-ஆல் வகுத்தால் மூன்று.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

கேமரா பெட்டியின் மேல் 'ஒரு சார்ஜில் இத்தனை படங்கள்' என்று ஓர் எண் இருக்கும். அது ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிஐபிஏ வகுத்த சோதனையின் முடிவு. 30 நொடிக்கு ஒரு படம், பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுவது, கேமராவிலேயே ஃபிளாஷ் இருந்தால் பாதிப் படங்களுக்கு அதை எரிப்பது என்று அது நடக்கும். யாரும் அப்படிப் படம் எடுப்பதில்லை. பறவை பறக்கும்போது தொடர்ச்சியாகச் சுடுபவருக்கு அந்த எண்ணைவிடப் பல மடங்கு படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, மெனுவுக்குள் துழாவி, காத்திருந்து எடுப்பவருக்குப் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

ஆனாலும் கேமராக்களை ஒப்பிட அந்த எண் உதவும். கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் நிக்கான் டி850-க்கு அது 1,840. மின்னணு வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரை) கொண்ட சோனி ஏ7 IV-க்கு, வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் 520. இத்தனைக்கும் சோனியின் பேட்டரிதான் சற்றுப் பெரியது. வித்தியாசம் எங்கே போகிறது என்றால், மிரர்லெஸ் கேமராவில் நீங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாலே சென்சாரும் திரையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. படம் எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தைவிட, எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஆகும் மின்சாரம்தான் அதிகம்.

எனவே நம்பகமான அளவு ஒன்றே ஒன்று: உங்கள் சொந்த நாள். கிளம்புவதற்கு முன் ஒரு முழு நாள், காலை முதல் மாலை வரை, பயணத்தில் எடுப்பது போலவே எடுங்கள். எத்தனை பேட்டரி மாற்றினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை பேட்டரி ஆனது என்றால் 1.5 × 16.4, அதாவது நாளுக்கு ஏறத்தாழ 25 வாட்-மணி. வீடியோ எடுப்பவர்களுக்கு இது சட்டென்று மேலே போகும். இந்த அளவுப் பேட்டரியில் 4கே வீடியோ ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம்தான் ஓடும். குளிர்ப் பகுதிக்குப் போகிறீர்கள் என்றால் கிடைத்த எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள். காரணம் பின்னால் வருகிறது.

கூடவே கைபேசி, தலைவிளக்கு, ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கைபேசி ஒருமுறை முழுதாக ஏற 15 முதல் 20 வாட்-மணி வரை கேட்கும். கேமராவுக்குத் துல்லியமாகக் கணக்குப் போட்டுவிட்டு, பவர் பேங்கைக் கைபேசிக்குத் தின்னக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து.

உதிரி பேட்டரியா, பவர் பேங்கா, சோலாரா?

புதிதாகக் கிளம்புபவர்கள் நேரே சோலார் பேனலுக்குப் போய்விடுகிறார்கள். எடையை வைத்துப் பார்த்தால் விடை வேறாக இருக்கிறது.

என்பி-எஃப்இசட்100 பேட்டரியின் எடை 83 கிராம். அதில் உள்ள 16.4 வாட்-மணியும் மாற்றம் எதுவும் இல்லாமல் நேரே கேமராவுக்குப் போகிறது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். கேமராவுக்குத் தருவது 50 வாட்-மணி. அதே 400 கிராமுக்கு ஏறக்குறைய ஐந்து பேட்டரி எடுத்துப் போகலாம். அது 80 வாட்-மணி. முதுகில் சுமக்கும் பயணத்தில் கேமராவுக்கு மிக இலகுவான மின்சாரம், வீட்டிலேயே நிரப்பிய உதிரி பேட்டரிதான். கேபிள் அறுந்துபோகும் கவலை இல்லை, மேகம் வருமோ என்ற கவலை இல்லை, 20 நொடியில் மாற்றிவிட்டுப் படம் எடுக்கலாம்.

பேனலையும் இதே தராசில் வைப்போம். 20 வாட் மடிப்புப் பேனல் ஒன்று அரை கிலோ என்று கொள்வோம். அதோடு கட்டாயம் ஒரு பவர் பேங்க் வேண்டும், 400 கிராம். மொத்தம் 900 கிராம். அந்த எடைக்குப் பத்துப் பதினொரு பேட்டரி வரும். 165 முதல் 180 வாட்-மணி. நாளுக்கு 25 வாட்-மணி செலவு என்றால் அது ஒரு வாரம். ஆகவே ஒரு வாரத்துக்குள் முடியும் பயணத்துக்கு பேனல் வீண் சுமை. இரண்டு வாரம், மூன்று வாரம், அதிலும் ஒரே முகாமில் தங்கி எடுப்பது என்றால் பேனல் தன் எடையைச் சம்பாதித்துவிடும்.

விலை இந்தக் கணக்கில் இல்லை. அசல் பேட்டரி பத்து வாங்குவது எல்லோருக்கும் முடியாது. பெரும்பாலானோருக்கு நாங்கள் சொல்லும் நடுவழி: இரண்டு நாளைக்குப் போதுமான உதிரி பேட்டரிகள், ஒரு 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், இரண்டு பேட்டரி செருகும் சிறிய யூஎஸ்பி சார்ஜர் ஒன்று. இதுவே நான்கைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் போகும்போது பேனலை யோசிக்கலாம்.

வேறு நிறுவனத்தின் மாற்று பேட்டரி வாங்கலாமா? நல்லவை இருக்கின்றன. ஆனால் அசலைவிடக் கணிசமாக எடை குறைந்த பேட்டரி, அசலைவிட அதிக எம்ஏஎச் என்று சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே செல்கள் சிறியவை. சில மாற்று பேட்டரிகள் மீதியைத் தவறாகக் காட்டும். 40 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேமரா அணைந்துவிடும். லேசாக உப்பிய பேட்டரியைப் பயணத்துக்கு எடுத்துப் போகவே வேண்டாம். கேமராவுக்குள் சிக்கிக்கொண்டால் காட்டில் அதை வெளியே எடுக்க வழியில்லை, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

யூஎஸ்பி-யில் சார்ஜ் ஏறாமல் போவது ஏன்?

புதிய கேமராக்கள் யூஎஸ்பி-சி வழியாகவே பேட்டரியை நிரப்பும். இதில் நான்கு இடங்களில் கால் இடறும்.

முதலாவது, கேமரா கேட்கும் வோல்ட். கேனான் ஆர்5 போன்ற கேமராக்களுக்குச் சாதாரண 5 வோல்ட் போதாது. யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற முறையில் பேசி 9 வோல்ட் தரக்கூடிய சார்ஜரோ பவர் பேங்கோ வேண்டும். பவர் பேங்கின் மேல் 'பிடி' (PD, பவர் டெலிவரியின் சுருக்கம்) என்று இருக்கிறதா, 9 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 9 வோல்ட், 3 ஆம்பியர் இருந்தால் கவலையில்லை.

இரண்டாவது, பேட்டரியின் வகை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும், கேமராவிலும் பொருந்தும், ஆனால் கேமராவுக்குள் வைத்து சார்ஜ் ஏறாது. நிக்கானில் இஎன்-இஎல்15பி, 15சி ஆகியவை ஏறும். பழைய இஎன்-இஎல்15, 15ஏ ஏறாது. கேனானில் எல்பி-இ6என், எல்பி-இ6என்எச் ஏறும். பழைய எல்பி-இ6 ஏறாது. பழைய கேமராவின் பேட்டரிகளையும் சேர்த்து எடுத்துப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தனி சார்ஜர் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவது, சுவிட்ச். பல கேமராக்கள் அணைத்து வைத்தால்தான் பேட்டரியை நிரப்பும். போட்டு வைத்திருந்தால் வரும் மின்சாரத்தில் கேமரா ஓடும், பேட்டரி ஏறாது.

நான்காவது, கேபிள். யூஎஸ்பி-சி முனை இருப்பதாலேயே எல்லாக் கேபிளும் ஒன்றல்ல. ஒரு முனையில் பழைய தட்டை யூஎஸ்பி-ஏ உள்ள கேபிளில் பவர் டெலிவரி வராது. இரு முனையும் சி ஆக இருக்கும் கேபிளைச் செருகினால் சில மலிவான கருவிகள் உயிர்பெறவே பெறாது. ஆகவே இரண்டு வகையிலும் ஒவ்வொன்று, அதோடு உதிரியாக இன்னொன்று. இந்த மொத்தப் பையிலும் முதலில் பழுதாகும் பொருள் கேபிள்தான். அதிலும் முனைக்கு அருகே மடங்கும் இடத்தில்.

தனி யூஎஸ்பி சார்ஜர்கள் பெரும்பாலும் 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட் எடுப்பவை. இரண்டு பேட்டரி வைத்தால் ஆளுக்கு 5 வாட். 16 வாட்-மணி பேட்டரி நிரம்ப நாலு மணி நேரம் ஆகும். மாலையில் செருகிவிட்டுத் தூங்கப் போவதற்கு இது போதும்.

இன்னொரு தொந்தரவு. எடுக்கும் மின்னோட்டம் மிகவும் குறைந்துவிட்டால், வேலை முடிந்தது என்று நினைத்துப் பவர் பேங்க் தானே அணைந்துகொள்ளும். பேட்டரி நிரம்பும் தறுவாயில் இப்படி நடந்தால் நட்டமில்லை. இரவு முழுக்க விண்மீன் படமோ டைம்லாப்ஸோ எடுக்கும்போது நடந்தால் வேலை கெட்டுவிடும். அதற்குக் குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி நிலை உள்ள பவர் பேங்க் தேவை. இப்படிப்பட்ட இரவுகளுக்குப் பேட்டரி வடிவிலேயே இருந்து, வெளியே வரும் வயரைப் பவர் பேங்கில் செருகும் டம்மி பேட்டரி நல்ல வழி. ஒரு எச்சரிக்கை: லென்ஸில் பனி படியாமல் இருக்கச் சுற்றும் வெப்பப் பட்டை 7 வாட் எடுத்தால், ஆறு மணி நேரத்தில் 42 வாட்-மணி போய்விடும். கேமராவைவிட அதுதான் அதிகம் தின்னும்.

கடைசி 20 சதவீதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்

லித்தியம் பேட்டரி இரண்டு கட்டமாக நிரம்புகிறது. முதலில் சீரான மின்னோட்டத்தில் வேகமாக ஏறும். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் சார்ஜர் வோல்ட்டை அங்கேயே நிறுத்திக்கொண்டு மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். அதனால் கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏற, மொத்த நேரத்தில் கணிசமான பகுதி போய்விடுகிறது. வெயிலோ ஜெனரேட்டரோ மூன்று மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், ஒரு பேட்டரியை 100 வரை ஏற்றுவதைவிட இரண்டை 80 வரை ஏற்றுவது லாபம். சார்ஜரில் உள்ள விளக்கு பச்சையாகும் வரை உட்கார்ந்திருப்பது வீட்டுப் பழக்கம். முகாமில் அதை விட்டுவிட வேண்டும்.

சோலார் பேனல்: லேபிளும் வெயிலும்

பேனலின் மேல் 21 வாட் என்றிருந்தால், அது ஆய்வகத்தில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழும்போது, செல்லின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது கிடைத்த அளவு. வெட்டவெளியில் கறுப்புப் பேனல் எளிதாக 50 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். அதோடு சாய்வு சரியில்லாதது, தூசி, மெல்லிய மேகம். நல்ல வெயிலில் 12 வாட் வந்தால் திருப்திப்படலாம். ஒரே இடத்தில் வைத்து, சூரியனைத் தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருந்தால் நாளுக்கு 40 முதல் 50 வாட்-மணி. அது பவர் பேங்குக்குள் போய், மறுபடி கேமரா பேட்டரிக்குள் போவதற்குள் 25 முதல் 30 ஆகிவிடும். முதுகுப் பையின் பின்னால் தொங்கவிட்டு நடந்தால் இதில் நாலில் ஒரு பங்கு எதிர்பாருங்கள். மரநிழல் பாதையில் அதுவும் இல்லை.

நிழல்தான் பேனலின் பெரிய எதிரி. பேனலுக்குள் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு செல் மறைந்தால் அந்த வரிசை முழுவதன் மின்னோட்டமும் குறைகிறது. கூடாரக் கயிறு ஒன்றின் நிழல், ஓரத்தில் விழுந்த ஓர் இலை, மடிந்து மேலே விழுந்த பேனலின் சொந்தத் துணிமூலை ஆகியவை போதும். யூஎஸ்பி மீட்டர் என்று விரல் நீளத்தில் ஒரு சிறு கருவி கிடைக்கிறது. பேனலுக்கும் பவர் பேங்குக்கும் நடுவே செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் தெரியும். உள்ளங்கையைப் பேனலின் ஒரு செல்லுக்கு மேல் நீட்டிவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். 1.8 ஆம்பியர் இருந்தது சட்டென்று விழும். பேனலை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொள்வதைவிட, இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கையால் திருப்பினால் அரை நிமிடத்தில் சரியான கோணம் பிடிபட்டுவிடும். சோலார் எடுத்துப் போகிறவர் மீட்டர் இல்லாமல் போகக் கூடாது.

பேனலிலிருந்து நேரே கேமராவுக்கோ கேமரா சார்ஜருக்கோ கொடுக்காதீர்கள். ஒரு மேகம் கடந்தால் வோல்ட் விழும், சார்ஜர் நின்றுவிடும், வெயில் திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கும். சில சார்ஜர்கள் தொடங்கவே தொடங்காது. பகலில் பேனலிலிருந்து பவர் பேங்குக்கு, இரவில் பவர் பேங்கிலிருந்து கேமராவுக்கு. பவர் பேங்குக்கும் இதில் ஒரு குறை உண்டு. மேகத்தின்போது எடுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டது, வெயில் வந்த பிறகும் அதே குறைந்த அளவிலேயே நின்றுவிடும். மீட்டரில் 0.3 ஆம்பியர் என்று பார்த்தால், கேபிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். பழைய அளவுக்கு ஏறிவிடும். அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

பவர் பேங்கைப் பேனலோடு வெயிலில் கிடத்தக் கூடாது. 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லை சார்ஜ் செய்வது அதன் ஆயுளைத் தின்னும். பல பவர் பேங்குகள் சூடானதும் தாமே நிறுத்திக்கொள்ளும், நீங்கள் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பேனலைச் சாய்த்து நிறுத்தி, அதன் பின்பக்க நிழலில், தரையைத் தொடாமல் ஒரு கல்லின் மேல் வையுங்கள்.

வண்டியும் ஜெனரேட்டரும்

வண்டியில் போகும் பயணம் என்றால் இந்தச் சுமைக் கவலைகளில் பாதி இல்லை. 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் நல்ல பவர் டெலிவரி அடாப்டர் ஒன்று போதும். லாரி, பேருந்து போன்ற பெரிய வண்டிகளில் 24 வோல்ட் இருக்கும். அடாப்டரில் 12–24 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் சாவி திருப்பினால்தான் சாக்கெட்டில் மின்சாரம் வரும். இரவு செருகிவிட்டுக் காலையில் பார்த்தால் பேட்டரி அப்படியே இருக்கும்.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக மாற்றி, அதில் கேமராவோடு வந்த சார்ஜரைச் செருகுவதைத் தவிர்த்துவிடுங்கள். 12 வோல்ட்டை 230 ஆக்கி, மறுபடி 8.4 ஆக்குவது சுற்று வழி. சும்மா ஓடுவதற்கே இன்வெர்ட்டர் 5 முதல் 10 வாட் எடுக்கும். பத்து மணி நேர இரவில் அது 50 முதல் 100 வாட்-மணி. இரண்டு கேமரா பேட்டரிக்குத் தேவையானதோ 40. வண்டி பேட்டரி ஆழமாக இறங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எஞ்சின் ஓடும்போது ஏற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

தங்குமிடத்தில் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும் என்றால், கவனிக்க வேண்டியது பவர் பேங்க் எத்தனை வாட் உள்வாங்கும் என்பது. 18 வாட் வாங்கும் பவர் பேங்க் 74 வாட்-மணி நிரம்ப ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். 30 வாட் வாங்கும் ஒன்று மூன்று மணியில் முடித்துவிடும். வாங்கும்போது எல்லோரும் வெளியே தரும் வாட்டைப் பார்ப்பார்கள், உள்வாங்கும் வாட்டைப் பார்க்க மாட்டார்கள். ஜெனரேட்டர் தொடங்கும்போதும் நிற்கும்போதும் வோல்ட் எகிறும். ஓட்டம் சீரான பிறகு செருகி, நிறுத்துவதற்கு முன் கழற்றிவிடுங்கள். முதலில் பவர் பேங்கைத்தான் செருக வேண்டும், கேமராவை அல்ல. ஒரே பிளக்குக்குப் பத்துப் பேர் காத்திருப்பார்கள் என்பதால், பல துளைகள் உள்ள யூஎஸ்பி சார்ஜர் உங்களுக்கும் உதவும், பக்கத்தில் இருப்பவருக்கும் உதவும்.

குளிரில் பேட்டரி செத்துப்போவதில்லை

உறைபனியில் முக்கால் பங்கு காட்டிய பேட்டரி திடீரென்று காலி என்று சொல்லும். உள்ளே வேதிவினை மந்தமாகி, கேமரா கேட்கும் வேகத்துக்கு மின்சாரம் தர முடியாமல் வோல்ட் சரிகிறது. கேமரா அதைக் காலி என்று எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் எங்கும் போகவில்லை. உடம்போடு ஒட்டிய உள்சட்டைப் பையில் 15 நிமிடம் வைத்திருந்து மறுபடி போட்டால் இன்னும் பல படங்கள் எடுக்கலாம். இரண்டு பேட்டரியை இப்படி மாற்றி மாற்றிச் சூடேற்றி ஓட்டுவது குளிர்ப் பகுதியில் எடுப்பவர்களின் அன்றாட வழக்கம். இரவில் எல்லா பேட்டரிகளும் தூங்கும் பைக்குள் உங்களோடு இருக்க வேண்டும். பவர் பேங்கும்தான்.

செய்யவே கூடாதது ஒன்று: 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை சார்ஜ் செய்வது. லித்தியம் அயனிகள் மின்முனைக்குள் புகாமல் அதன் மேல் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது, உள்ளே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படவும் இடமுண்டு. முதலில் சூடேற்றுங்கள், பிறகு செருகுங்கள். சூடான கூடாரத்துக்குள் கேமராவைக் கொண்டுவரும்போது, வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடிக் கொண்டுவந்தால் ஈரம் பையின் மேல் படியும், பேட்டரி முனைகளில் படியாது.

செலவைக் குறைப்பது

வைஃபை, புளூடூத்துக்கு ஏரோபிளேன் மோட். ஜிபிஎஸ் கட்டாயம் நிறுத்த வேண்டும். சில கேமராக்களில் அணைத்த பிறகும் அது ஓடும், காலையில் பேட்டரி காலியாக இருக்கும். எடுத்ததும் படத்தைத் திரையில் காட்டும் வசதியை நிறுத்துங்கள். தானாகத் தூங்கும் நேரத்தை 10 நொடிக்குக் கொண்டுவாருங்கள். ஷட்டரை லேசாக அழுத்தினால் உடனே விழித்துக்கொள்ளும். கழுத்தில் தொங்கும் கேமராவில் வயிறு பட்டு வியூஃபைண்டர் சென்சார் விழித்துக்கொண்டே இருப்பது பலர் கவனிக்காத கசிவு. நடக்கும்போது கேமராவை அணைத்துவிடுவதே இதற்கு மருந்து. இரவில் கேமராத் திரையில் படங்களைப் பார்த்துப் பார்த்து நீக்குவது வேண்டாம். அதற்குப் பதில் இன்னொரு மெமரி கார்டு எடுத்துப் போங்கள். அதன் எடை ஒன்றுமே இல்லை. மடிக்கணினியையும் கூடுமானவரை வீட்டில் விட்டுவிடுங்கள்.

ஃபிளாஷுக்கும் தலைவிளக்குக்கும் ஏஏ பேட்டரி என்றால், தானாக இறங்காத வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் நல்லவை. கடுங்குளிருக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் ஏஏ வகை. அவை −40 டிகிரி வரை வேலை செய்யும், எடையும் குறைவு.

விமானத்தில்

உதிரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல. ஒன்று 100 வாட்-மணிக்குள் இருந்தால் அனுமதி கேட்கத் தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. 27,000 எம்ஏஎச் பவர் பேங்க் 99.9 வாட்-மணி. அந்த விசித்திரமான எண்ணில் பவர் பேங்குகள் விற்பனைக்கு வருவதற்குக் காரணம் இதுதான். வாட்-மணி அச்சிடாத, எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்துக்கொள்ளலாம். எண்ணிக்கைக் கட்டுப்பாடும், பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள். பேட்டரி முனைகளுக்கு மூடி போடுங்கள், மூடி தொலைந்திருந்தால் டேப் ஒட்டுங்கள். சாவியோ நாணயமோ பட்டுக் குறுக்குச்சுற்று ஆனால் பைக்குள்ளேயே தீப்பிடிக்கும்.

கிளம்புவதற்கு முன் ஓர் ஒத்திகை

பேட்டரிகளுக்கு 1, 2, 3 என்று எண் ஒட்டுங்கள். நிரம்பியதற்கு ரப்பர் பேண்ட், காலியானதும் அதைக் கழற்றிவிடுங்கள். இருட்டில் விரலால் தடவியே எது நிரம்பியது என்று தெரிந்துகொள்ளலாம். எது சீக்கிரம் இறங்குகிறது என்பதும் எண் இருந்தால்தான் பிடிபடும்.

பிறகு இரண்டு நாள் விடுமுறையில் வீட்டுச் சுவர் பிளக்கை மறந்துவிட்டு, பயணப் பையில் இருக்கும் பொருட்களை மட்டும் வைத்துக் கேமராவையும் கைபேசியையும் ஓட்டுங்கள். பவர் பேங்க் முழுவதும் நிரம்பிய நிலையில் தொடங்கி, அது காலியாகும் வரை எத்தனை கேமரா பேட்டரி நிரம்பியது என்று எழுதிவையுங்கள். மேலே சொன்ன மூன்றில் இரண்டு பங்குக்குப் பதில் உங்கள் பவர் பேங்குக்கான சொந்த எண் அப்போது கிடைக்கும். எடுத்துப் போகும் ஒவ்வொரு கேபிளையும் மீட்டரில் செருகி, ஒரு கையால் முனையை லேசாக ஆட்டிக்கொண்டே எண்ணைப் பாருங்கள். எண் துள்ளுகிற கேபிளைப் பையிலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வையுங்கள்.